சபையைக் கூட்டுங்கள், தோழர்களே!

நாட்காட்டியைப் பாருங்கள். சென்னை மாநகராட்சி மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன்பே அடுத்த மாமன்றத்துக்குத் தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதெல்லாம் தானாக நம் தெருவுக்கு வந்துவிடுமா? வராது. கேட்டால்தான் வரும்.

2016-ஐ மறந்துவிட்டீர்களா? அக்டோபரில் தேர்தல் என்றார்கள். வேட்புமனு வாங்கினார்கள். உயர்நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்தது. பிறகு? பிறகு ஒன்றுமில்லை. 2017 போனது. 2018 போனது. 2019 போனது. கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை தேடி அலைந்தோம், ஆக்சிஜன் தேடி அலைந்தோம். கதவைத் தட்டிக் கேட்க நமக்கென்று ஒரு கவுன்சிலர் இல்லை. 2022 பிப்ரவரி 19 வரை வாக்குப்பதிவு இல்லை. ஒரு முழு மாமன்றத்தின் ஆயுள், அதற்கு மேலும் நாலு மாதம். அரசு நியமித்த தனி அலுவலரே தீர்மானம் போட்டார். தனி அலுவலரே நிறைவேற்றினார். நாம் வரி மட்டும் கட்டினோம்.

அதற்கும் முன்னால் 1973. மாமன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த மாமன்றம் எப்போது? 1996-ல்! 23 ஆண்டு! 1688-ல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்த மாநகராட்சி என்று மார்தட்டுகிறோம். அந்த மூத்த மாநகராட்சியில் ஒரு தலைமுறையே கவுன்சிலருக்கு ஓட்டுப் போடாமல் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றது. எந்தக் கட்சி ஆண்டது என்று கேட்காதீர்கள். மாறி மாறி ஆண்டார்கள்.

அதெல்லாம் பழங்கதை என்கிறீர்களா? 27 மாவட்டங்களின் ஊராட்சிகளைப் பாருங்கள். 2025 ஜனவரி 5-ல் அவற்றின் பதவிக்காலம் முடிந்தது. அன்று புதிய தலைவர்கள் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள்.

வாய் மூடியிருந்தால் அடுத்தது நாம். அடுத்தது நம் வார்டு.

தோழர்களே, நான் நிற்கிறேன். வடசென்னையின் ஒரு வார்டில் சுயேச்சையாக நிற்கிறேன். கட்சி இல்லை. கொடி இல்லை. தேர்தல் ஆணையம் எந்தச் சின்னம் கொடுத்தாலும் சரி. நம் வார்டு பெண்கள் வார்டாக மாறினால் நம் தோழியரில் ஒருவர் நிற்பார். அவர் நின்றால் அவரேதான் நிற்பார், அவரேதான் பேசுவார். கணவர் மைக் பிடிக்க மாட்டார். யார் நின்றாலும் இந்தத் தாளில் ஒரு எழுத்து மாறாது.

கைதட்டாதீர்கள். மாலை வேண்டாம். நான் நிற்பதற்குத் துணிச்சல் தேவையில்லை, 21 வயதும் வைப்புத்தொகையும் போதும். துணிச்சல் தேவைப்படுவது உங்களிடம். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

என்ன செய்யப் போகிறோம்? கேளுங்கள்.

முதலில் சபையைக் கூட்டப் போகிறோம்.

கிராமத்துக்குக் கிராம சபை உண்டு. நமக்கு? நமக்கும் உண்டு, தோழர்களே! 2022-ல் விதி வந்தது. வார்டைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதி. பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும் பகுதி சபையின் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். படம் வந்தது. செய்தி வந்தது.

உங்கள் தெருவுக்கு நோட்டீஸ் வந்ததா? கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று யாராவது சொன்னார்களா? கையெழுத்து நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள். பால் போடும் தம்பியைக் கேளுங்கள். பகுதி சபை என்றதும் எத்தனை பேர் விழிக்கிறார்கள் என்று பாருங்கள்.

சபையை எப்படிக் கூட்டுகிறார்கள் தெரியுமா? பத்து நாற்காலி, ஒரு ஷாமியானா, கட்சிக்காரர் நாலு பேர், ஒரு போட்டோ. முடிந்தது கூட்டம். பகுதிப் பிரதிநிதி யார்? நியமனம். யார் நியமித்தது? கேட்காதீர்கள் என்கிறார்கள்.

கேளுங்கள்! இனி கேளுங்கள்!

பத்துப் பகுதி, பத்துச் சபை. ஏழு நாளுக்கு முன்பே தண்டோரா போட்ட மாதிரி எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் கூட்டம். ரேஷன் கடையில் நோட்டீஸ், அங்கன்வாடியில் நோட்டீஸ், டீக்கடையில் நோட்டீஸ். வேலைக்குப் போகிறவர் வர முடிகிற நேரத்தில் கூட்டம். உதவிப் பொறியாளர் வந்து உட்கார வேண்டும். சுகாதார ஆய்வாளர் வந்து உட்கார வேண்டும். நாம் நிற்க வேண்டாம். கை கட்ட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கேட்போம். சொன்னதைச் சொன்னபடி நோட்டில் எழுதுவோம், அங்கேயே படித்துக் காட்டுவோம். அடுத்த கூட்டம் அந்த நோட்டைத் திறந்துதான் தொடங்கும்.

பிரதிநிதி நியமனம்தானே? இருக்கட்டும். சபையில் கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். அந்தப் பெயரைத்தான் நான் அனுப்புவேன். வேறு பெயர் வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்வேன்.

அடுத்து, கணக்கு.

கவுன்சிலருக்கு மதிப்பூதியம் எவ்வளவு? மாதம் 10,000 ரூபாய். 2023-ல்தான் அதுவும் வந்தது. ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். 6 லட்சம். அந்த 6 லட்சத்துக்கா வீட்டுக்கு வீடு கவர் வருகிறது? அந்த 6 லட்சத்துக்கா வேன் வேனாக ஆள் வருகிறது? கணக்கு உதைக்கிறதா இல்லையா?

கவர் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திரும்பிப் போகும். உங்கள் தெருவின் ஜல்லியில் போகும். உங்கள் வடிகாலின் சிமெண்டில் போகும். வாங்கியவரும் இழக்கிறார், வாங்காதவரும் இழக்கிறார்.

வார்டு மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் வார்டுக்கு 60 லட்சம் என்றார்கள். நம் பணம். நம் வீட்டு வரி. எந்தத் தெருவில் போட்டார்கள்? எந்தக் காண்ட்ராக்டர்? எத்தனை மீட்டர்? எவ்வளவு கனம்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டுமா இதற்கு? வேண்டாம். வேலை நடக்கும் தெருமுனையில் எழுதி வைப்போம். தமிழில் எழுதுவோம். பெரிய எழுத்தில் எழுதுவோம். தொகை, நீளம், அகலம், கனம், காண்ட்ராக்டர் பெயர், முடிக்க வேண்டிய தேதி. ஸ்கேல் எடுத்து அளக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை போதும், தோழர்களே, ரோட்டைச் சோதிக்க.

ரோடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் வாசலுக்கு மூன்று படி ஏறினோம். இன்று அதே வாசலுக்கு இரண்டு படி இறங்குகிறோம். வீடு புதைந்துவிட்டதா? இல்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறியது, நாம் இறங்கினோம். மழை பெய்தால் ரோட்டில் தண்ணீர் நிற்காது. நம் சமையலறையில் நிற்கும். அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டு, கேஸ் சிலிண்டரைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிற்கிறோம். 2015-ல் நின்றோம். 2021-ல் நின்றோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நின்றோம்.

மில்லிங் செய்து, அதாவது பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுதி அனுப்பினார். அனுப்பியும் நம் சந்துக்கு மில்லிங் மெஷின் வரவில்லை. சந்து குறுகலாம், மெஷின் நுழையாதாம். மெஷின் நுழையாத இடத்தில் கடப்பாரை நுழையும்! சுரண்டாத ரோட்டுக்கு நம் வார்டில் இடமில்லை. லோடு வந்தாலும் இறக்க விடமாட்டோம். நாலு பேர் போய் நின்றால் போதும். அந்த நாலு பேரில் நீங்கள் இருக்கிறீர்களா?

தோழர்களே, இப்போது ரிப்பன் மாளிகை வாசலுக்கு வாருங்கள்.

2025 ஆகஸ்ட் 1. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் அந்த வாசலில் உட்கார்ந்தார்கள். எங்கள் வேலையைத் தனியாரிடம் தராதே என்றார்கள். நிரந்தரம் செய் என்றார்கள். பெரும்பாலும் பெண்கள். நம் அக்காக்கள். நம் அம்மாக்கள். கொரோனாவில் நாம் கதவைச் சாத்திக்கொண்டபோது நம் வாசலைக் கூட்டியவர்கள். 13 நாள் உட்கார்ந்தார்கள். வெயிலில் உட்கார்ந்தார்கள். மழையில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் தேதி நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

வெள்ளை மாளிகை அது, 1913-ல் கட்டிய அழகான மாளிகை. உள்ளே 200 பேர் உட்கார நாற்காலி இருக்கிறது. அந்த 200 பேரில் எத்தனை பேர் படியிறங்கி வந்து அந்தப் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்? ஆளுங்கட்சிக் கவுன்சிலர் உட்கார முடியாது. கட்சி விடாது. கூட்டணிக் கட்சிக்காரர் உட்காரலாமா என்று மேலே கேட்டுத்தான் சொல்வார். எதிர்க்கட்சிக்காரர் தன் ஆட்சியில் என்ன செய்தார் என்று நினைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

சுயேச்சை ஏன் என்று கேட்கிறீர்களே, அதற்குத்தான். யாரையும் கேட்காமல் போய் உட்காரத்தான்.

நம் வார்டைக் கூட்டுகிறவருக்குக் கையுறை வந்ததா? காலணி வந்ததா? சம்பளச் சீட்டு வந்ததா? பி.எஃப். பிடித்தால் கட்டினார்களா? முதல் சபையில் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, முதல் பேச்சு அவர்களுடையதாக இருக்கும். நாமும் நம் பங்கைச் செய்வோம். ஈரக் குப்பையில் பிளேடைப் போட்டு, கண்ணாடித் துண்டைப் போட்டு, வெறுங்கையால் பிரிக்க விடுகிறோமே, அந்த வெட்கம் நம்முடையது. ஆனால் ஒன்று: நாம் பச்சைத் தொட்டியில் ஒன்றும் நீலத் தொட்டியில் ஒன்றுமாகப் பிரித்துப் போட்டதை, லாரியில் ஏற்றும்போது ஒன்றாகக் கொட்டினால், அந்த லாரியை நிறுத்துவோம். நிறுத்திக் கேட்போம்.

லாரி எங்கே போகிறது? கொடுங்கையூருக்கு. பாதி நகரத்தின் குப்பை நம் தலையில். புகை நம் நெஞ்சில். அந்தக் குப்பைமேட்டில் இப்போது எரிஉலை வைக்கிறார்களாம். நகரம் தின்றுவிட்டு எறிந்ததை நம் காற்றில் எரிக்கிறார்களாம். அனல்மின் சாம்பல் போதாதா? எண்ணூர்ப் புகை போதாதா? 2025 மே மாதம் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். பாட்டிகள் நின்றார்கள், பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். மாமன்றத்துக்குள் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி வேண்டாமா? எரிஉலைக்கு ஆதரவான தீர்மானம் எது வந்தாலும் எழுந்து எதிர்ப்பேன். தனி ஆளாக நின்றாலும் எதிர்ப்பேன். என் எதிர்ப்பு மாமன்றக் குறிப்பில் பதிவாகும் வரை உட்கார மாட்டேன். மட்கும் குப்பை வார்டிலேயே உரமாகட்டும். ஒவ்வொரு மண்டலமும் தன் குப்பையைத் தானே பார்க்கட்டும்.

குடிதண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லையே என்கிறீர்கள். சாக்கடையைப் பற்றிச் சொல்லவில்லையே என்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். அது கவுன்சிலர் கையில் இல்லை. 74ஆவது திருத்தம் 18 துறைகளை நகராட்சிகளுக்குச் சொன்னது. சென்னையில் தண்ணீரும் சாக்கடையும் குடிநீர் வாரியத்திடம். நகரத் திட்டம் சி.எம்.டி.ஏ.விடம். குடியிருப்பு வாழ்விட வாரியத்திடம். பெரிய ரோடுகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம். சாக்கடை பொங்கினால் கவுன்சிலர் குடிநீர் வாரியத்துக்குப் போன் போடுவார், வாரியம் மாநகராட்சியைக் காட்டும், மாநகராட்சி வாரியத்தைக் காட்டும். நான் வந்தால் குழாயில் பால் ஓடும் என்று சொல்ல மாட்டேன். சபை நாளன்று மாநகராட்சி இன்ஜினியரோடு வாரியத்து இன்ஜினியரையும் நம் தெருவுக்கு இழுத்து வருவோம். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கை காட்டட்டும். ஊர் பார்க்கட்டும்.

வரி? 2022 பிப்ரவரி 22-ல் தேர்தல் முடிவு. ஏப்ரல் 1-ல் சொத்து வரி உயர்வு அறிவிப்பு. ஒன்றரை மாதம் பொறுக்கவில்லை. பிரச்சாரத்தில் ஒரு வாய் திறந்தார்களா? பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் சின்ன வீட்டுக்கே 50 சதவீதம் ஏறியது. வீட்டுக்காரருக்கு ஏறியது, வாடகைக்காரர் தலையில் இறங்கியது. பகுதி சபைகளைக் கேட்காமல் வரும் எந்த வரித் தீர்மானத்துக்கும் நான் கை தூக்க மாட்டேன்.

சரி. நீங்கள் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வியை நானே கேட்கிறேன்.

"ஜெயிச்ச மறுநாள் நீயும் ஆளுங்கட்சில சேர்ந்துட்டா?"

நியாயமான சந்தேகம். சுயேச்சைகள் பலர் அப்படித்தான் போனார்கள். ஆகவே எழுதித் தருகிறேன். இந்தத் தாளில் உள்ளதை முத்திரைத்தாளில் எழுதி, கீழே கையெழுத்திட்டு, பகுதிக்கு ஒரு பிரதி தருகிறேன். எந்தக் கட்சியிலும் சேர மாட்டேன். இரண்டு சபையைக் கூட்டத் தவறினால் ராஜினாமா. கோர்ட்டில் அது செல்லாமல் போகலாம். தெருவில் செல்லும். நான் நடந்து போகிற தெருதானே இது!

இன்னொரு கேள்வி. ஜெயிக்குமா? 2022-ல் சென்னையின் 200 வார்டில் ஐந்தில் சுயேச்சைகள் ஜெயித்தார்கள். பெரிய கட்சிகளுக்கு நடுவே, பணத்துக்கு நடுவே, ஐந்து பேர். அன்று வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. வார்டுக்குச் சராசரி 30,000 வாக்காளர். பாதிக்கு மேல் வீட்டில் இருந்தார்கள். யார் ஆண்டாலும் ஒன்றுதான் என்று வீட்டில் இருந்தார்கள். தோழர்களே, வீட்டில் இருந்தவர்கள்தான் நம் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள்!

அந்தக் கதவுகளைத் தட்டுவோம். ஒவ்வொரு கதவாகத் தட்டுவோம். திறக்கும் வரை தட்டுவோம்.

பயமாக இருக்கிறதா? இருக்கும். மிரட்ட ஆட்கள் வருவார்கள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். மளிகைக் கடைக்காரரிடம் லைசென்ஸ் புதுப்பித்தாயிற்றா என்பார்கள். இட்லிக் கடை அக்காவிடம் வண்டி கொஞ்சம் ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்பார்கள். பட்டா இல்லாத வீட்டுக்காரரிடம் பட்டாவைப் பற்றி மட்டும் பேசுவார்கள். தனித்தனியாகத்தான் வருவார்கள். தனித்தனியாக இருந்தால்தான் பயப்படுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒருவருக்கு வந்த மிரட்டல் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிய வேண்டும். இட்லிக் கடை அக்காவின் வண்டியில் கை வைக்க வந்தால் அங்கே நாற்பது பேர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். காசு கொடுத்துத்தான்!

இன்றைக்கே செய்யுங்கள். நாளை என்று சொல்லாதீர்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயரைப் பாருங்கள். 2025 கடைசியில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தில் சென்னையில் லட்சக்கணக்கான பெயர்கள் நீங்கின. உங்கள் பெயர் இருக்கிறதா? அம்மா பெயர் இருக்கிறதா? வீடு மாறிப்போன தம்பி பெயர் இருக்கிறதா? இல்லை என்றால் படிவம் 6 நிரப்புங்கள். நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுங்கள்.

உரிய காலத்தில் தேர்தல் நடத்து என்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு நூறு கையெழுத்து. தேதி வந்த பிறகு எழுதுவதற்கு நாம் என்ன வாழ்த்து அட்டையா அனுப்புகிறோம்? இப்போது எழுதுங்கள்.

தேர்தல் வரட்டும், சபையை அப்புறம் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். விதி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. இந்த மூன்று மாதத்துக் கூட்டம் எப்போது என்று இன்றைய கவுன்சிலரிடமே போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். அவர் கூட்டினால் நல்லது, நாம் போய் முன்வரிசையில் உட்காருவோம். கூட்டாவிட்டால் நாமே நாற்காலி போடுவோம்.

வாக்குப்பதிவு நாளன்று ஒவ்வொரு சாவடியிலும் நமக்கு ஒரு முகவர் வேண்டும். காலையில் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கி, எந்திரத்துக்கு சீல் வைக்கும் வரை இடத்தைக் காலியாக விடாத ஆள் வேண்டும். கட்சிகளிடம் ஆள் இருக்கிறது, பிரியாணி இருக்கிறது. நம்மிடம் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் சாவடி எது? எண்ணைச் சொல்லுங்கள், பெயரை எழுதிக்கொள்கிறோம். உங்களோடு மாற்றி மாற்றி உட்கார யாரைக் கூட்டி வருகிறீர்கள், அதையும் இப்போதே சொல்லுங்கள்.